சிவப்பே ஆகாத மெஷின்

பச்சை என்றால் எந்தப் பச்சை என்று முடிவு செய்யவே எங்களுக்கு மூன்று நாள் ஆனது. நான் வைத்திருந்த பச்சையைப் பார்த்துவிட்டு முதலாளி, "இது பாசி மாதிரி இருக்கும்மா. நல்ல வெத்தலப் பச்சையா வை" என்றார். வெற்றிலைப் பச்சை வைத்தேன். அதில் எழுத்து தெரியவில்லை என்றார். எழுத்தைத் தடிமனாக்கினேன். இப்போது எழுத்துதான் தெரிகிறது, பச்சை தெரியவில்லை என்றார். நாலாம் நாள், முதலில் வைத்திருந்த பச்சையையே திரும்ப எடுத்துவந்து காட்டினேன். "பாத்தியா, இப்பத்தான் கரெக்டா இருக்கு" என்றார். எனக்குப் பாதி உயிர் அன்றைக்கே போய்விட்டது.

வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான், இரண்டு கம்ப்யூட்டர், சொட்டுச் சொட்டாக ஒழுகும் ஒரு ஏசி, அதற்குக் கீழே ஒரு வாளி. இவ்வளவுதான் பிரிவு. வாளியை ஊற்றுவதும் என் வேலைதான்.

எங்கள் ஷெட்டில் நூல் நூற்கும் மெஷின்கள் நாற்பத்தெட்டு. ஒவ்வொன்றிலும் ஆயிரம் கதிர் சுற்றும், கதிருக்கு ஒரு நூல் ஓடும். நூல் அறுந்துகொண்டேதான் இருக்கும், அது பஞ்சின் குணம். எங்கே அறுந்தது என்று கண்ணால் பார்த்து, விரலால் நுனியைத் தேடி எடுத்து, ஒட்டிவிட்டு அடுத்ததுக்கு நடக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் பெண்களைச் சைடர் என்போம். மெஷினுக்கு ஒரு ஆள். எட்டு மணி நேரமும் மெஷினைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மெஷின்களில் கருவி மாட்டி, எது எப்படி ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் தெரியும்படி செய்தார்கள். அதை டாஷ்போர்டாகச் செய்தது நான். நாற்பத்தெட்டு மெஷினுக்கு நாற்பத்தெட்டு கட்டம். நூல் அறுவது அளவோடு இருந்தால் கட்டம் பச்சை. கொஞ்சம் மீறினால் மஞ்சள். ரொம்ப மீறினால் சிவப்பு. கட்டத்தைத் தொட்டால் விரிந்து, யார் பார்க்கிற மெஷின், எத்தனை நூல் அறுந்தது, எத்தனை கதிர் சும்மா சுற்றுகிறது, எவ்வளவு நேரமாக என்று எல்லாம் சொல்லும். ஷெட் வாசலில் ஒரு பெரிய டிவியில் அதை ஓடவிட்டோம். முதலாளியின் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொண்டது அப்போதுதான்.

முதலாளி இருப்பது கோயம்புத்தூரில். காலையில் எழுந்ததும் காபி குடிக்கிறாரோ இல்லையோ, போனைத் திறந்து சிவப்பு எங்கே என்று பார்ப்பார். ஆறரைக்கு எனக்குக் கூப்பிடுவார். "ஏம்மா, முப்பத்தொண்ணு ஏன் செவப்பு?" நான் வீட்டில் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டு முப்பத்தொன்று ஏன் சிவப்பு என்று என்னத்தைச் சொல்வது? அதனால் ஆபீஸ் நேரத்தை விட்டுவிட்டு, சைடர்கள் வரும் ஐந்தேகால் பஸ்ஸிலேயே நானும் திண்டுக்கல்லில் ஏற வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்குச் சோறு கட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பானது. தினமும் உருளைக்கிழங்குதான் வெஞ்சனம். பிள்ளைகள் என்னை முறைத்தன. ஷிப்டு இரண்டு மணிக்கு முடிந்து சைடர்கள் போய்விடுவார்கள். எனக்கு மட்டும் சாயங்காலம் ஐந்து வரை உண்டு.

பச்சையாக இருந்தால் முதலாளி எதுவும் கேட்க மாட்டார். மஞ்சளையும் கேட்க மாட்டார். மஞ்சளைப் பார்க்கிற பழக்கமே அவருக்குக் கிடையாது. சிவப்பு ஒன்றுதான் அவர் கண்ணுக்குத் தெரியும். பெண்களுக்கும் இது சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. கேண்டீனில் டீ குடிக்கும்போது, "ஏ புள்ள, நீ இன்னைக்கு என்ன கலர்?" என்று ஒருத்தி கேட்பாள். "காலையில செவப்பு, இப்ப மஞ்சளாயிட்டேன்" என்பாள் இன்னொருத்தி. மெஷினின் நிறத்தைத் தங்கள் நிறமாகவே பேசுவார்கள். எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்கிற அக்கா தாடிக்கொம்பில் ஏறுவாள். ஐம்பத்தாறு வயது. இருபத்தாறு வருடமாக அதே மில். அவள் பார்ப்பது இருபத்திரண்டாம் நம்பர் மெஷின். வீட்டுக்காரர் ரொம்ப வருடத்துக்கு முன்பே வேறொரு வீட்டுக்குப் போய்விட்டார். இவள் மகன், மருமகளோடு இருந்தாள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடத்தை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்பதைத் தவிர அவள் வாயில் வேறு பேச்சே வராது.

"இந்தப் பஸ்ஸுல ஏறி எறங்குற வரைக்கும்தான் தாயி அந்த வீட்ல நான் மனுசி" என்று ஒருநாள் சொன்னாள். "நின்னுட்டேன்னு வையி, சாப்பிட ஒரு வாயி கூட இருக்குன்னுதான் பாப்பாக."

"ஒங்க மகன் அப்பிடியெல்லாம் பாக்க மாட்டாருக்கா" என்றேன்.

"ஒனக்குத் தெரியுமாக்கும்" என்றாள்.

பஸ்ஸில் இருந்து இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வாள். மூட்டு வலி என்று நினைத்தேன். மாத்திரை அட்டையை நீட்டி, "இது காலையில போடுறதா, ராத்திரி போடுறதா, பாத்துச் சொல்லு" என்பாள். கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்தேன். அவளிடம் கண்ணாடியே கிடையாது என்பதை நான் யோசிக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு யோசனை எல்லாம் ஆறரை மணி போனைப் பற்றித்தான்.

போன ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் முன்னால் மோசமான பஞ்சு வந்து இறங்கியது. தொட்டால் அறுந்தது. டிவி முழுக்கச் சிவப்பு. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை முதலாளி கூப்பிட்டார். பஞ்சு சரியில்லை சார் என்று சொன்னால், அவரே பார்த்து வாங்கிய பஞ்சு. சரியில்லை என்று எப்படிச் சொல்வது? எனக்குச் சலித்துப்போய்விட்டது. இந்த மனுஷன் கண்ணுக்கு நல்லதாக ஏதாவது ஒன்றைக் காட்டித் தொலைப்போம் என்று ஒரு பட்டனைச் செய்தேன். அதை அழுத்தினால் மற்ற கட்டங்கள் மங்கி, ஆறு மாதமாக ஒரு நாள்கூடச் சிவப்பு ஆகாத மெஷினும் அதைப் பார்க்கிற சைடரின் பெயரும் மட்டும் பளிச்சென்று நிற்கும்.

அழுத்தினேன். ஒரே ஒரு கட்டம்தான் நின்றது. இருபத்திரண்டு, அக்காவின் பெயர். சிவப்பு மட்டுமல்ல, மஞ்சள்கூட அபூர்வம். அதற்கு இந்தப் பக்கம் இருபத்தொன்றும், அந்தப் பக்கம் இருபத்திமூன்றும் மாதக்கணக்கில் மஞ்சளிலேயே கிடந்து, இந்தப் பஞ்சு வந்தபிறகு சிவப்பும் ஆகியிருந்தன. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பாவம், சின்ன வயசுப் பெண்கள், அக்கா அளவுக்குக் கை ஓடாது என்று நினைத்துக்கொண்டேன். முதலாளிக்குப் பட்டனை அனுப்பிவைத்தேன். முதல் தடவையாக என்னை "வெரிகுட்" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். அகரம் தாண்டியதும், "என் பேர அதுல இருந்து எடுத்துரு தாயி" என்றாள்.

"எதுக்குக்கா? நல்ல விசயம்தான?"

"நல்லதோ கெட்டதோ. எடுத்துரு."

"ஒங்களுக்கு எப்பவும் கூச்சம்தான்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எடுக்க வேண்டும் என்றால் எனக்கு இரண்டு நிமிட வேலை. முதலாளி பார்த்தாயிற்று, இப்போது எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார், அதற்கு ஒரு பதில் யோசிக்க வேண்டும் என்று அலுப்பாக இருந்தது. வெரிகுட் வாங்கிய பட்டன் என்ற ஆசையும் இருந்தது. விட்டுவிட்டேன்.

ஆயுத பூஜை அன்று மெஷின்களைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு வைத்திருந்தோம். முதலாளி குடும்பத்தோடு வந்தார். பூசணிக்காய் உடைத்து முடிந்ததும் மைக்கில் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு பட்டுச் சேலையும் குத்துவிளக்கும் கொடுத்தார். இருபத்திரண்டுக்கு முன்னால் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். பிறகு, பின்னால் கட்டியிருக்கும் புது ஷெட்டில் வெளிநாட்டு மெஷின் வந்து இறங்கியிருக்கிறது, அதில் முதல் மெஷினை இந்த அம்மாவிடம்தான் ஒப்படைக்கப்போகிறேன் என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் பலமாகத் தட்டினேன். அக்கா கும்பிட்டபடி நின்றாள். முகம் வெளிறிப்போய் இருந்தது. வயிறு காய்ந்திருக்கும், பூஜைக்காக விரதம் போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். எனக்கு எதற்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

புது ஷெட்டில் மெஷின் ரொம்ப நீளம். இந்த முனையில் நின்றால் அந்த முனையில் நிற்கிற ஆள் யார் என்று தெரியாது. அதில் கதிருக்கு ஒரு சின்ன சிவப்பு விளக்கு உண்டு. நூல் அறுந்தால் அந்த இடத்தில் எரியும். அக்கா ஒருத்திதான் அங்கே. பக்கத்து மெஷின்களை இன்னும் பொருத்திக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே கட்டம் சிவப்பானது. இரண்டாம் நாளும் சிவப்பு. ஒரு வாரம் முழுக்கச் சிவப்பு.

"என்னம்மா, நம்ம பெஸ்ட் ஆளு இப்பிடிப் பண்ணுது?" என்று முதலாளி கேட்டார். மேனேஜர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. "பாராட்டுனது தலைக்கு ஏறிப்போச்சுங்க மேடம்" என்றார். அக்கா பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். பின்னால் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த வாரம்தான் பழைய ஷெட்டின் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு உறைத்தது. இருபத்திரண்டுக்கு ஒரு புதுப் பெண்ணைப் போட்டிருந்தார்கள். அது மஞ்சளும் சிவப்புமாகத் தடுமாறிக்கொண்டிருந்தது. ஆனால் மாதக்கணக்கில் மஞ்சளாகக் கிடந்த இருபத்தொன்றும் இருபத்திமூன்றும், அக்கா போன மறுநாளில் இருந்து பச்சை. இரண்டும் ஒரே நாளில். கேண்டீனுக்குப் போய் இருபத்திமூன்றைப் பார்க்கிற பெண்ணைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டேன்.

நான் மேனேஜரிடம் போக மாட்டேன் என்று பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தபிறகுதான் சொன்னாள்.

"அக்காவுக்கு ரெண்டு வருசமாவே கண்ணு செரியில்லக்கா. சுகரு. கிட்ட இருந்தா தெரியும், தள்ளிப் போனா மங்கிரும். நாங்க ரெண்டு பேரும் எங்க மெஷினச் சுத்தி வாரப்ப அது மெஷினையும் ஒரு பார்வ பாத்துட்டு வருவோம். எது அந்துருக்கோ ஒட்டி விட்ருவோம். அம்புட்டுத்தான்."

"ஒங்க மெஷின் மஞ்சளாகுமே?"

"மஞ்சளான்னா யாரு கேக்கப் போறா?" என்றாள். பிறகு, "அவ புள்ள பெத்துட்டு வந்த புதுசுல" என்று இருபத்தொன்றைப் பார்க்கிறவளைக் காட்டினாள், "பால் கட்டிக்கிட்டு வலி தாங்காம அழுவா. செத்த நேரம் ரூமுக்குப் போயிட்டு வான்னு அனுப்பிட்டு அக்காதான் அவ மெஷினையும் சேத்து ஓட்டும். எனக்கு மஞ்சக்காமால வந்தப்பவும் அப்பிடித்தான். நாங்க பாக்காம யாரு பாப்பா? வெளிய சொல்லிறாதீங்கக்கா. அடுத்த ஆளு மெஷின்ல கை வச்சா சஸ்பெண்டு."

உண்மைதான். ஒருத்தி மெஷினை இன்னொருத்தி தொடக்கூடாது என்று மில்லில் சட்டம். தப்பு யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டுமே, அதற்காக. என் கட்டங்களும் அந்தச் சட்டத்தை நம்பித்தான் நின்றன. ஒரு மெஷின், ஒரு பெயர், ஒரு நிறம். மூன்று பேர் சேர்ந்து மூன்று மெஷினை ஓட்டுவார்கள் என்று நான் கணக்கே போடவில்லை. அன்று முழுக்க எனக்கு என் மேலேயே எரிச்சல். கம்ப்யூட்டரை ஒரு தட்டுத் தட்டினேன். அது என்ன செய்யும்?

செய்ததைத் திருத்துகிறேன் என்று இன்னொரு கோணல் வேலையைச் செய்தேன். அக்காவின் புது மெஷினுக்கு மட்டும் யாருக்கும் தெரியாமல் அளவைத் தூக்கி வைத்தேன். மற்ற மெஷினில் சிவப்பாகிற அளவு அறுந்தாலும் அவளுடையது மஞ்சள்தான் காட்டும். முதலாளி மஞ்சளைப் பார்க்க மாட்டாரே. பத்து நாள் போன் வரவில்லை. அக்காவிடம் பின் சீட்டுக்குப் போய், "இனிமே செவப்பாகாதுக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவள் என் பக்கம் திரும்பி, "அந்த வெளக்கெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து எரியிற மாதிரி இருக்கு தாயி. எதுன்னு போய்த் தேடுவேன்?" என்றாள். குரலில் அழுகை இருந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நூல் அறுந்தால் அந்த இடத்துப் பஞ்சை மெஷின் உறிஞ்சிப் பின்னால் ஒரு பெட்டியில் தள்ளும். அந்தப் பெட்டியை மேனேஜர் திறந்து பார்த்துவிட்டார். நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க மேடம், நீங்க மஞ்சள்னு காட்டுறீங்க. பொட்டி நெறஞ்சு வழியுதுங்க. இதுல எது நெசம்?"

அவரே அளவுகளைத் திறந்து பார்த்தார். "அந்தம்மா மேல உங்களுக்குப் பாசம் இருக்கலாமுங்க. ஆனா மொதலாளிக்குத் தெரிஞ்சா உங்க சீட்டும் கிழியும், என் சீட்டும் கிழியும்" என்றார். அளவைப் பழையபடி வைத்தார். இருபத்திரண்டில் இருந்த புதுப் பெண்ணை இடம் மாற்றிவிட்டு, அக்காவைத் திரும்பப் பழைய ஷெட்டுக்கே, இருபத்திரண்டுக்கே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழலாம் போல இருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ஆனால் நடுவில் ஒன்று நடந்திருந்தது. இருபத்தொன்றும் இருபத்திமூன்றும் பச்சையாகவே ஓடுவதைப் பார்த்து, இந்தப் பெண்களுக்குக் கை சும்மா இருக்கிறது என்று முடிவு செய்திருந்தார்கள். புது ஷெட்டுக்கு ஆள் வேண்டி, இருபதையும் இருபத்திநாலையும் பார்த்த சைடர்களை அங்கே அனுப்பிவிட்டு, இருபதில் பாதியை இருபத்தொன்றுக்காரியிடமும், இருபத்திநாலில் பாதியை இருபத்திமூன்றுக்காரியிடமும் சேர்த்துவிட்டார்கள். மீதிப் பாதிகளை அதற்கும் அடுத்த மெஷின்காரிகள் பார்த்தார்கள். அக்கா திரும்பி வந்து நின்றபோது, அந்த இரண்டு பெண்களும் அவளுக்கு முதுகைக் காட்டி மறுபக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மனசு இல்லாமல் இல்லை. கால் இரண்டுதானே இருக்கிறது.

முதல் நாள் சிவப்பு. இரண்டாம் நாள் இருபத்தொன்றுக்காரி தன் டீ நேரத்தில் வந்து அக்காவின் மெஷினில் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்ததை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பத்து நிமிடம்தான். அதற்குள் அவள் மெஷின் கூப்பிட்டுவிட்டது. மூன்றாம் நாளும் சிவப்பு. நாலாம் நாள் பஸ் தாடிக்கொம்பில் நின்றது, டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார், அக்கா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

அவள் வராமல் போனாலும் இருபத்திரண்டு சிவப்பாகவே நின்றது. தொடர்ந்து மூன்று நாள் சிவப்பாக இருந்த கட்டம், அதற்குக் காரணம் பதிவு செய்து முடித்தால்தான் அடங்கும். அது புது ஷெட்டின் சிவப்பைப் பார்த்தபிறகு முதலாளி கேட்டு நான் செய்துவைத்த ஏற்பாடு. "அத முடிச்சு விட்ருங்க மேடம், காலையில இருந்து மூணு தடவ கேட்டுட்டாரு" என்று மேனேஜர் நச்சரித்தார். நான் நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு நாள் கடத்தினேன். ஞாயிற்றுக்கிழமை தாடிக்கொம்புக்குப் போனேன்.

மருமகள் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கை காட்டினாள். அக்கா சுவரோரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பேசுகிற வரைக்கும் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஒங்கிட்ட சொன்னேன்ல, பேர எடுன்னு" என்றாள், எடுத்த எடுப்பில். "எடுத்தியா?"

"தப்புத்தான்க்கா."

"தப்புன்னு இப்பச் சொல்லு. நான் பாட்டுக்கு ஒரு மூலைல கெடந்தேன். யாரு கண்ணுலயும் படாம ரெண்டு வருசம் ஓட்டிருப்பேன். நீ கொண்டுபோயி வெளிச்சத்துல நிறுத்துன."

என்னைத் திட்டட்டும் என்றுதான் போயிருந்தேன். ஆனாலும் அழுகை வந்துவிட்டது. கண் ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டேன். மதுரைக்குப் போய் ஊசி போட்டதாகவும், போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னாள்.

காரணம் பதிவு செய்ய வேண்டியதைச் சொன்னேன். "கண்ணு செரியில்லன்னு எழுதுறேன்க்கா. ஒக்காந்து பாக்குற வேல ஏதாவது குடுப்பாக. நான் மேனேஜர்ட்ட பேசுறேன்."

"குடுப்பாகளா? இம்புட்டு வருசத்துல யாருக்காவது குடுத்து நீ பாத்திருக்கியா?"

நான் பார்த்ததில்லை.

"கண்ணுன்னு எழுதிறாத" என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "கண்ணு போச்சுன்னு ஒரு எடத்துல எழுதிட்டாகன்னா, பெறகு எந்த மில்லு கேட்டுலயும் என்ன நிக்க விட மாட்டாக. நாளைக்கே ஒரு எடத்துல பஞ்சு பொறுக்குற வேலைக்குக் கேட்டு விட்ருக்கேன். கவனம் பத்தாதுன்னு எழுது. கவனம் பத்தாதவள எவனாவது எடுப்பான். கண்ணு தெரியாதவள எவன் எடுப்பான்?"

"நீங்க கவனம் பத்தாதவளாக்கா?"

"நான் என்னவோ. நீ எழுது. கண்ணுன்னு எழுதினா, ரெண்டு வருசமா எப்பிடி ஓட்டுனான்னு கேப்பான். அந்தப் புள்ளைக ரெண்டும் மாட்டும். அதுகளுக்கு இன்னும் காலம் கெடக்கு." பிறகு வாசல் பக்கம் பார்த்து மருமகளிடம், "டீ போடு, மில்லுல இருந்து வந்திருக்காக" என்றாள். மருமகள் பதில் சொல்லவில்லை. டீயும் வரவில்லை. அக்கா கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அந்த வீட்டில் அவள் இனிமேல் எப்படி இருப்பாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் இருபத்திரண்டைத் தொட்டேன். காரணம் கேட்டது. மெஷின், பஞ்சு, கரண்ட், ஆள் என்று நாலு இருந்தது. ஆள் என்பதை எடுத்தேன். விவரம் கேட்டது. கவனக்குறைவு என்று அடித்தேன். பொறுப்பு என்ற இடத்தில் அக்காவின் பெயர் தானாகவே வந்து நின்றது. மெஷினைப் பார்க்கிறவள் பெயர் மட்டும்தான் அங்கே வரும். வேறு பெயரை அடிக்க நான் அதில் வழியே வைக்கவில்லை. வைத்திருந்தால் அன்றைக்கு என் பெயரை அடித்திருப்பேனா என்று பல தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அடித்திருக்க மாட்டேன். எனக்கும் அந்த வேலை வேண்டும்.